உயிரோடு இருக்கக் கடைசி நாள்

"கண்ணைச் சிமிட்டவும்" என்று செல்போன் மறுபடியும் சொன்னது.

சவுரிராயனுக்கு அலுத்துப்போயிற்று. பிறவியிலேயே மூடிக்கொண்ட இமைகள். இத்தனை வயதுவரை திறக்காதவை, திண்டிவனம் சேவை மையத்தில் ஒரு செல்போன் கேட்டதற்காகவா திறக்கப்போகின்றன? அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். உயிரோடு இருப்பதாக இன்றைக்குள் பதிவு செய்யாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அதற்காகத்தான் மயிலத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார்.

"ஏம்மா, நான்தான் உன் எதிர்ல உக்காந்து பேசிக்கினு இருக்கேனே. ஆள் உயிரோட இருக்காருன்னு நீயே போட்டுடேன்."

"நான் சொன்னா செல்லாதுங்க சார். இதுதான் சொல்லணும்" என்றாள் மையத்தை நடத்தும் புனிதா.

இரண்டு விரலால் அவர் இமையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"முகத்தில் கை உள்ளது."

கைப்பையிலிருந்து கண்மையை எடுத்து, மூடிய இமைகள் மேலேயே இரண்டு கண் வரைந்தாள். கண்கள் என்னவோ லட்சணமாகத்தான் வந்தன.

"இது உயிருள்ள முகம் அல்ல. இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ளது."

"பேஜாரா போச்சே!" புனிதா பதறிப்போய்த் திரையைத் துழாவினாள். "சார், மாற்றுத்திறனாளிக்குன்னு தனியா ஒரு பட்டன் இருக்குது. நான் பாக்கவே இல்ல!"

"கண்ணு இருந்தும் பாக்கலியா? ஜல்தி அமுக்கும்மா."

அமுக்கினாள். செல்போன் குரலைக் குழைத்துக்கொண்டது. "பார்வையற்ற பயனரே, வணக்கம். திரையில் நகரும் பச்சைப் புள்ளியைக் கண்களால் பின்தொடரவும்."

சவுரிராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். கோபப்படக்கூடத் தெம்பில்லை. இதைச் செய்த மகராசர்கள் பார்வையில்லாத ஒருத்தனையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? ஊரில் அவ்வளவு பஞ்சமா?

"சரி, புள்ளி எங்க போவுதுன்னு சொல்லு. மூஞ்சியையாவது திருப்பறேன்."

புனிதா அவர் பக்கத்தில் நின்று செல்போனை முகத்துக்கு எதிரே நீட்டினாள்.

"மேல போவுது… இல்ல சார், கீழ… ஐயோ, வலப்பக்கம் போயிடுச்சு!"

சவுரிராயனின் தலை சாமியாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடையிலிருந்து டீ கொண்டுவந்த கோபி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், புதுசா கேம் எதுனா ஆடிக்கினு இருக்கீங்களா?"

செல்போனில் மணி அடித்தது.

"வாழ்த்துகள்! நீங்கள் உயிருடன் இருக்கிறீர்கள். இனி ஆண்டுதோறும் இதே முகத்தைக் காட்டவும்."

சவுரிராயனுக்கு அழுகையே வந்துவிட்டது. வரைந்த கண்கள் கரைந்து கன்னத்தில் வழிந்தன. உயிரோடு இருப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருப்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எல்லாருக்கும் டீ குடுப்பா, நான் தர்றேன்! ஏம்மா புனிதா, உனக்கும் சேத்துத்தான்!"

புனிதா செல்போனைக் கோபி பக்கம் திருப்பிக் காட்டினாள். கோபி டீயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"சார், அதுல விழுந்திருக்கிறது என் மூஞ்சி. அப்ப நீங்க உயிரோட இருக்கணும்னா, இனிமே நான்தான சாவாம இருக்கணும்?"