பெர்னீஸ் மாமியின் பதினொரு கடிதங்கள்

அன்புள்ள சஞ்சீவ் மாமாவுக்கு,

பிளாக்டவுனில் நாங்கள் மூவரும் சுகம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அப்பா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. தொலைபேசியில் எனக்குக் குரல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இதை மெல்பேர்னில் வாசித்து, பெர்னீஸ் மாமிக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்.

மாமி நம்பித் தந்த பெட்டியில் பதினொரு கடிதங்கள் இருந்தன. அலபாமாவிலிருந்து அவருடைய பூட்டி, அதாவது பாட்டனாரின் தாய், சிகாகோவுக்கு ரயிலேறிப் போன மகனுக்கு எழுதியவை. பெட்டியைக் காத்தவர்களின் பெயர்கள் மூடியின் உட்புறம் பென்சிலில் இருக்கும். மாமியின் பெயருக்குக் கீழே என் பெயரையும் அவரே எழுதினார். பத்தாம் வகுப்போடு நின்றவளின் பெயரை அதுவரை யாரும் எதிலும் எழுதியதில்லை.

எல்லாவற்றையும் படமெடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னார். முதல் கடிதத்திலேயே ஒரு சொல் விளங்கவில்லை. மாமியைக் கேட்க எண்ணை அழுத்துவேன், மணி அடிக்குமுன் வைத்துவிடுவேன். இப்படியே மூன்று கிழமை போனது. ஒரு படமும் எடுக்கவில்லை. அப்பாவைத்தான் தெரியுமே, ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்தபோது அவருடைய சான்றிதழ்கள் எல்லாம் மழையில் கரைந்துபோனவை. அன்றிலிருந்து வீட்டில் பிளாஸ்டிக் ஒட்டாத கடதாசி இல்லை, என் மோசமான பள்ளி ரிப்போர்ட் உட்பட. நேற்று நான் வேலையால் வந்தபோது வாசலிலேயே நின்றார்.

"பிள்ளை, பதினொண்டையும் லெமினேற் பண்ணிட்டன்! இனி வெள்ளத்துக்க போட்டாலும் பழுதாகாது!"

கடதாசிக்குத் தட்டுப்பாடு என்பதால் பூட்டி நாலு ஓரத்திலும் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார். கிழிந்த ஓரம் வடிவில்லை என்று அப்பா அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நேராக வெட்டிவிட்டார். "குழந்தைக்கு என் முத்தம்" என்று ஓர் ஓரத்தில் இருந்ததை மட்டும் நான் வாசித்திருந்தேன். வெட்டிய ஓரங்கள் குப்பைக்குள்தான் போயிருக்கும்; குப்பை வண்டியோ நான் வருமுன்பே போய்விட்டது.

"அந்த மிசினுக்க முதல்ல உங்கட கையை விட்டிருக்கவேணும்" என்றார் அம்மா.

அப்பா மிசினைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். பிழை அவருடையதல்ல, மாமா. நான் ஒரு தடவை பேசியிருந்தால் எல்லாம் படமாக இருந்திருக்கும். மூடியில் என் பெயரை அழிக்க றப்பரை எடுத்தேன். பிறகு, மாமியே அழிக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

மாமிக்கு என் அன்பும் மன்னிப்பும்.

உங்கள் மருமகள்,
தர்சினி

பி.கு.: முத்திரை தர வந்த அப்பா, குப்பை வண்டி என்ற வரியை வாசித்துவிட்டு உள்ளே போய் ஒரு கோப்போடு வந்தார். நாற்பத்துநாலு ஓரங்கள். எல்லாம் இலக்கமிட்டு, லெமினேற் செய்தபடி. "கடதாசியை நான் எறிவனே? நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே!" என்றார். மாமியிடம் நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம். இது உங்கள் கைக்கு வருமுன் நானே பேசியிருப்பேன்.