எதிர்வீட்டு ஷீலாவைப் பற்றி நான் சொன்ன நல்ல வார்த்தைகள்

ஒரு சொல்லுக்கு அகராதி சொல்லும் பொருள் ஒன்று. பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் காதில் விழும் பொருள் வேறொன்று. ஆயுள் முழுக்கத் தமிழ் கற்பித்த எனக்கு இது தெரியாமல் போனது வெட்கக்கேடுதான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஷீலா. பார்த்த வரன்களில் அவளுக்கே பிடித்திருந்தது மேடவாக்கத்துப் பையன் ஒருவனைத்தான். அவள் அம்மா மெர்சி என்னிடம் வந்து, “சார், விசாரிக்க வருவாங்க. நல்ல பொண்ணுன்னு சொல்லுங்க, அது போதும்” என்று கேட்டுக்கொண்டாள்.

நல்ல பெண் என்று தெருவில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் தமிழாசிரியன் அல்லவா? தேர்ந்தெடுத்த சொற்களால்தான் புகழ்வது என்று உறுதி பூண்டேன். (கண்ணாடி முன் ஒத்திகை வேறு.)

பையனின் மாமாவும் அத்தையும் வந்தார்கள்.

“பொண்ணு எப்படிங்க, சார்?”

“ரொம்ப சாமர்த்தியசாலி. யாரையும் பேசியே வழிக்குக் கொண்டுவந்துடுவா.”

அத்தையின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

“நாலு பேரோட சகஜமாப் பழகுவா. உலக அனுபவம் நிறைய.”

மாமா செருமினார். “கோபம் வருமா?”

“வெளியில காட்ட மாட்டா. எல்லாத்தையும் மனசுலயே வெச்சிருப்பா.”

சமையலறையில் என் மனைவி பாத்திரத்தை ‘டங்’கென்று போட்டாள். (அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.)

மாலையில் மெர்சி ஓடி வந்தாள். “என்ன சார் சொன்னீங்க? யோசிச்சு சொல்றோம்ங்கிறாங்க!” அவள் பின்னால் ஷீலா அழுது சிவந்த கண்களோடு நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நான் கெடுத்ததை நானே சரிசெய்வேன் என்று மறுநாள் காலை மேடவாக்கம் கிளம்பினேன். “நீங்க வாயத் திறக்கக் கூடாது” என்ற நிபந்தனையோடு மனைவியும் வந்தாள். ஆனால் கதவு திறந்ததுமே நான் முந்திக்கொண்டேன்.

“நேத்து நான் சொன்னதைத் தப்பா எடுத்துக்காதீங்க. ஷீலா அந்த மாதிரிப் பொண்ணு இல்ல!”

“எந்த மாதிரி?” என்றார் மாமா.

மனைவி என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றியிருந்தது. பிறகு அத்தையிடம் திரும்பி, “இவரை விடுங்க. எனக்கு டைஃபாய்டு வந்தப்ப, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் கஞ்சி வெச்சுக் கொடுத்துட்டுப் போனவ ஷீலா. தங்கமான பொண்ணுங்க” என்றாள். அத்தை என் மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. என்னை வாழ்த்திப் பேச அழைக்கவில்லை.

இன்றும் புகுந்த வீட்டு உறவினர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது ஷீலா சிரிக்காமல் சொல்வாள்:

“எங்க எதிர்வீட்டு சார். அந்த மாதிரி ஆள் இல்ல.”