ஆறாம் நம்பர் தாராக்கால்

நெய்யூர் ஜெயசிங்குக்குக் கடலைப் பற்றித் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அதில் எப்படி நீந்துவது என்பது.

மற்றதெல்லாம் அத்துப்படி. மஸ்கட்டில் ஒரு டைவிங் கம்பெனியில் பதினெட்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். கடலுக்குள் முங்கப் போகிறவர்களுக்கு முகமூடி, சிலிண்டர், காலில் மாட்டுகிற ஃபின் எல்லாம் எடுத்துக் கொடுப்பார். அவர்கள் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுவார். ஒருவன் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தே கால் நம்பர் சொல்லிவிடுவார். ஊருக்குத் திரும்பியபோது 'ஸ்டோர்கீப்பர்' என்ற சொல்லை மட்டும் விமானத்திலேயே விட்டுவிட்டு வந்தார். ஊர் அவரை 'டைவர் ஜெயசிங்' என்றது. மனைவி ரெஜிலாவும் அதை நம்பினாள். நம்பினாள் என்று அவர் நம்பினார்.

அந்தப் பெயருக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபத்து வந்தது. பைக்கில் வந்து இறங்கியது. அதன் பெயர் சிலுவை. கடற்கரையில் சிப்பி எடுக்க முங்குகிறவன். அலையில் சிக்குகிறவர்களைக் காப்பாற்ற அங்கே ஐந்து பேர் சேர்ந்து ஒரு மீட்புக் குழு வைத்திருந்தார்கள். அதற்கு அவன்தான் தலைவன்.

"அண்ணே, பாறைக்க அந்தப் பக்கம் ஒழுக்கு பலமாக்கும். ஆளை அப்பிடியே இழுத்துட்டுப் போவுது. வெறுங்காலால ஒதைச்சு முடியல்ல. ஃபின் வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்."

ஜெயசிங் நாற்காலியில் நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் பிறந்ததே.

"கேளு மக்கா. நீளமா, பளபளன்னு இருக்கதப் பாத்து ஏமாறப்பிடாது. நடுவுல பிளந்ததும் வேண்டாம், அது சும்மா மீன் பாத்துட்டு நீந்துதவனுக்கு. ஒழுக்குக்குன்னா கட்டி ரப்பர். கட்டையா, அகலமா இருக்கணும். சட்டுன்னு வளையப்பிடாது. வெள்ளம் ஊடால போறதுக்கு ஓட்டை வேணும். நீங்க வெறுங்கால்ல முங்குதவிய, அதனால குதிகால் மூடினது. நம்பர்ல ஒரு நூல் தப்பப்பிடாது. பெருசானா கடல்ல உருவிட்டுப் போவும். சின்னதானா கால் நரம்பு பிடிச்சு இழுக்கும்."

சிலுவை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். சாயா கொண்டுவந்த ரெஜிலாவும் நின்று கேட்டாள். அங்கேயே ஜெயசிங் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"மஸ்கட்ல நான் இதைப் போட்டு ஒதைச்ச ஒதையில..." என்று ஆரம்பித்தார்.

"அப்பம் சனிக்கிழமை நீங்களே எறங்கிக் காட்டித் தாங்கண்ணே. உங்களுக்கும் சேத்து ஆறு ஜோடி போட்டிருவோம்."

"அதுக்கென்ன, காட்டிட்டாப் போச்சு."

மூளை வந்து சேர்வதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அன்று மத்தியானம் ஜெயசிங்குக்குச் சோறு இறங்கவில்லை. முட்டுவலி என்று படுத்தால் ரெஜிலா எண்ணெய்ப் போத்தலோடு வந்து உட்கார்ந்து உருவிச் சுகமாக்கிவிடுவாள். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் வைப்பாள். சிலுவையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் பதினெட்டு வருஷம் கட்டிய மாளிகையைச் சொந்தக் கையால் இடிக்க எவனுக்கு மனசு வரும்? அதிலும் ரெஜிலாவின் காதில் விழுந்தால்? வெள்ளிக்கிழமை தோறும் மஸ்கட்டிலிருந்து போனில் அவளுக்கு எத்தனை ஆழ்கடல் காட்டியிருக்கிறார்!

அப்போதுதான் வாசல்படியில் கிடந்த அவளுடைய செருப்பு கண்ணில் பட்டது. மெல்லப் போய் அதில் காலை நுழைத்துப் பார்த்தார். நாலு விரல்கடை குதிகால் வெளியே தொங்கியது. ஜெயசிங்குக்கு மூச்சு வந்தது.

"எனக்க செருப்புல என்ன செய்யுதிய?" ரெஜிலா முற்றத்திலிருந்து கேட்டாள். குளத்தில் துவைத்த துணி கையில் இருந்தது.

"பல்லி போன மாதிரி இருந்து."

"அதுக்குக் காலை விட்டா பாப்பாவ?"

அவர் உள்ளே போய், ஃபின் ஆர்டர் போடப் போனை எடுத்தார். கடற்கரையில் பார்த்திருந்த கால்களை நினைத்து, குழுவில் ஐந்து பேருக்கும் சரியான நம்பர் போட்டார். தன் பத்தாம் நம்பர் காலுக்கு மட்டும் ஆறு போட்டார். மாட்டப் பார்ப்பது, நுழையாமல் போவது, கம்பெனிக்காரனைத் திட்டுவது, வருத்தத்தோடு கரையில் உட்கார்ந்துவிடுவது. திட்டத்தில் ஓட்டையே இல்லை.

"ஏட்டி ரெஜிலா, உனக்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், வாசி."

அவள் வாசித்தாள். அதோடு நிறுத்திக்கொண்டாளா, பின்னால் வந்த ஆர்டர் விவரத்தையும் வாசித்தாளா என்று அவர் யோசிக்கவில்லை.

புதன்கிழமை பெட்டி வந்தது. "கடற்கரையில வச்சுத்தான் பிரிக்கணும். அதாக்கும் மொறை" என்று அறிவித்துவிட்டார். வந்தபோது பெட்டியின் டேப் பழுப்பு நிறம். வியாழக்கிழமை அது வெள்ளையாக இருந்தது. அதைவிட ஜெயசிங்குக்கு உறுத்தியது, குளத்தில் துவைக்கப் போன ரெஜிலா வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, சாயா தாமதமானதுதான். ஆனாலும் பொறுத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் வருத்தப்பட்டுப் பழகவே நேரம் போதவில்லை.

சனிக்கிழமை காலை ரெஜிலாவும் பைக்கில் ஏறிக்கொண்டாள். "இத்தன வருஷமா கேட்டதை ஒருக்காவாது கண்ணால பாக்கணும்" என்றாள்.

கடற்கரையில் பெட்டி பிரிந்தது. ஐந்து பேருக்கும் ஐந்து ஜோடி. மாட்டிக்கொண்டு ஒவ்வொருவனாக இறங்கிப் பார்த்தான். சிலுவை கரையேறி வந்து ஜெயசிங்கின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அளவெடுத்துத் தச்சது கணக்கா இருக்கண்ணே. ஒரு ஒதை ஒதைச்சா ஒழுக்கு வழிவிடுது."

ஜெயசிங்குக்கு நெஞ்சு விம்மியது. இதில் பொய் ஒரு துளி இல்லையே. இந்த ஐந்து ஜோடியையும் கண்ணால் அளந்து தேர்ந்தெடுத்தவர் அவர்தானே. அந்தப் பெருமையோடேயே மணலில் உட்கார்ந்து ஆறாவது ஜோடியை எடுத்தார். காலை நுழைத்தார். பாதி பாதத்தில் நின்றது. முக்கினார். பெருமூச்சு விட்டார். பழகியது வீண்போகவில்லை, கண்ணில் நீரே வந்துவிட்டது.

"சே, கம்பெனிக்காரன் சதிச்சுட்டான் மக்கா. நம்பர் மாறிப் போச்சு."

"எனக்கதைப் போடுதியளா?" என்றான் சிலுவை.

"உனக்கது எட்டுல்லா."

"ஜிபினுக்கது?" குழுவில் இன்னொருவனைக் காட்டினான்.

"ஏழரை."

ஐந்து பேரில் ஒருவனுக்கும் பத்து இல்லை. கர்த்தர் தம்மோடு இருக்கிறார் என்று ஜெயசிங் உறுதியாக நம்பினார்.

"அந்தத் தாராக்காலை இஞ்ச தாருங்க" என்றாள் ரெஜிலா. வாத்தை அங்கே தாரா என்பார்கள். அவர் ஏன் என்று கேட்பதற்குள் ஷாலை இடுப்பில் கட்டி, மணலில் உட்கார்ந்து, இரண்டையும் மாட்டிவிட்டாள். அவளுடைய சொந்தச் செருப்பு மாதிரி பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்?

எழுந்து, கடலுக்கு முதுகைக் காட்டிப் பின்னால் நடந்தாள்.

"அக்கா ஏன் பொறத்தால நடக்காவ?" என்றான் ஜிபின்.

"முன்னால நடந்தா நுனி மணல்ல குத்தி விழுவோம்லா. அவிய சொல்லித் தந்தது" என்றவள், இடுப்பளவு வந்ததும் திரும்பிச் சாடிவிட்டாள்.

பாறைக்கு அந்தப் பக்கம் கன்னாசு என்கிற சிவப்பு பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி மிதக்க விட்டிருந்தார்கள். அதைத் தொட்டுவிட்டு வருவதுதான் பரீட்சை. ஜெயசிங் எழுந்து ஓடினார். "ரெஜிலா, வேண்டாம். ஏட்டி, திரும்பி வா." முழங்கால் தண்ணீரில் அவர் கால்கள் நின்றுவிட்டன. அவருக்கு டைவர் பட்டமும் வேண்டாம், மஸ்கட்டும் வேண்டாம். அவள் திரும்பி வந்தால் போதும்.

ரெஜிலா நேராகப் போகவில்லை. கரையோரமாகவே மேலே கொஞ்சதூரம் போய், அங்கிருந்து சாய்வாக இறங்கினாள். இழுத்துப் போக வந்த ஒழுக்கே அவளைக் கன்னாசு பக்கத்தில் கொண்டுவிட்டது. திற்பரப்பு ஆற்றங்கரையில் பிறந்து, ஒழுக்கில் நீந்தி வளர்ந்தவள் என்று பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள். ஜெயசிங் அப்போது பலகாரத்தில் கவனமாக இருந்தார்.

கன்னாசைத் தட்டிவிட்டு அவள் திரும்பி வந்தபோது கரையில் ஒரே கைதட்டல்.

"யாருக்கா இப்பிடிப் பழக்கினது?" என்றான் சிலுவை.

அவள் மூச்சு வாங்கியபடி கணவரைக் காட்டினாள். "அவியதான். பதினெட்டு வருஷமா வெள்ளிக்கிழமை தோறும் போன்ல பழக்கினாவ. முட்டால ஒதைக்காத, இடுப்புலேந்து ஒதை, பெருவிரலை நீட்டி வையின்னு."

"போன்லயே இப்பிடின்னா நேர்ல எப்பிடி இருக்கும்" என்றான் சிலுவை. எல்லாரும் ஜெயசிங்கைப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை பழகாமலே வந்த கண்ணீர். இவள் என் பெண்டாட்டி என்று அந்தக் கடலுக்குக் கேட்கக் கத்தவேண்டும் போலிருந்தது.

திரும்பும் வழியில், ரொம்ப தூரம் வந்த பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்கு எப்பம் தெரியும்?"

"மறுவீட்டுக்குத் திற்பரப்பு வந்தமே, அப்பமே. எனக்க அண்ணம்மாரெல்லாம் ஆத்துல சாடினாவ. நீங்க படியில இருந்துட்டு, கோரிக் குளிக்க ஒரு கப்பு கேட்டிய."

பைக் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

"பின்ன ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீங்க சொல்லது கேக்க நல்லா இருந்து. ஒரு வெள்ளிக்கிழமை போன் வரலன்னா எனக்குத் தூக்கம் வராது."

ஜெயசிங் பைக்கின் வேகத்தைக் குறைத்தார். எப்படியோ பெயரும் பிழைத்தது, மானமும் பிழைத்தது. இனி அந்த ஆறாம் நம்பரைப் பரணில் போட்டுவிட்டால் எல்லாம் சுபம்.

"ஆறாம் நம்பர் எனக்கு இருக்கட்டு" என்றாள் ரெஜிலா, மடியில் இருந்த ஃபின்னைத் தடவிக்கொண்டே. "உங்களுக்குப் பத்தாம் நம்பர் செவ்வாக்கிழமை வருது. ஓடிபி எனக்க போனுக்குத்தான வரும், போட்டுட்டேன். முதல்ல, நான் ரெண்டு நாளும் இதைப் போட்டுப் பழகின நம்ம குளத்துல எறங்குவோம். பயப்படாதீங்க, கப்பு நான் எடுத்துட்டு வாறேன்."