பன்னிரண்டாவது பாட்டுக்கு ஆள் இல்லை

டிக்கோயா,
14.10.1979

என் தங்கையைக் கட்டிய அன்பு மச்சான் சிறிலுக்கு, டக்ளஸ் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் இசபெலும் பிள்ளைகளும் சுகம். கோழிக்கு மட்டும் சளி. கோத்தகிரியில் நீயும் றோசலினும் சளியில்லாமல் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். நீ இந்தியா போன ஏழு வருஷத்தில் நாலு கடுதாசி போட்டாய், நாலிலும் மழையைப் பற்றித்தான் எழுதினாய். ஏன், இங்கே மழை பெய்யாதா? சரி போகட்டும், சண்டை பிடிக்க இதை எழுதவில்லை.

விஷயம் என்னவென்றால், நம்ம 'பனித்துளி பாய்ஸ்' பாட்டுக் கோஷ்டி மறுபடி சேர்ந்துவிட்டது. ஹட்டனில் கேசட் பதிகிற கடை வைத்திருக்கிறவர், அந்தக் காலத்தில் நம்ம பாட்டுக்குச் சட்டை கிழிய ஆடியவராம், "தொடக்கத்துல இருந்து நீங்க பாடுன பன்னிரண்டு பாட்டையும் ஒரே கேசட்டுல போட்டுத் தாறேன், அதுக்கு முன்னால நாலு எடத்துல பாடிட்டு வாங்க, சனம் உங்கள மறந்திருக்கும்" என்றார். முத்துலிங்கம் அன்றைக்கே அக்கார்டியனைத் தூசி தட்டினான், உள்ளேயிருந்து ஒரு எலிக் குடும்பம் இறங்கிப் போனது. நோட்டீஸில் 'மாபெரும் சுற்றுப்பயணம்' என்று வேறு போட்டுவிட்டான். டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை, அவ்வளவுதான். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத் திரும்பிவிடலாம், இதிலே என்னடா மாபெரும் என்று கேட்டால் முறைக்கிறான்.

பாடுவதற்கு நீ இல்லையே. கோயிலில் பாட்டு எடுத்துக்கொடுக்கிற சூசைரட்ணத்தைக் கூப்பிட்டோம். குரல் நல்ல குரல், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் இருபது வருஷமாகப் பெரிய வெள்ளிக்கும் சாவு வீட்டுக்கும் பாடிப் பாடி அந்த மனுசனுக்கு வேறு மாதிரி வரவே மாட்டேன் என்கிறது. டிக்கோயாவில் பாடும் முன்னே நம்ம லயத்து வரிசை வீட்டில் வைத்துத்தான் பாட்டுப் பழகினோம். 'சிவத்த கவுன் சிங்காரி'யைக் கண்ணை மூடிக்கொண்டு அவர் இழுத்த இழுப்பில், பக்கத்துக் காம்பிராவிலிருந்து அம்மாக்கண்ணு அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு ஓடிவந்து, "யாரு தம்பி போயிட்டாங்க? எப்ப எடுக்கிறீங்க?" என்று கேட்டது. ஒருத்தரும் சாகவில்லை அக்கா, இது காதல் பாட்டு என்றேன். நம்பாமல் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து, என் தோளைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனது.

அது கூடப் பரவாயில்லை. கொட்டகலையில் நடந்ததைக் கேள். நம்ம ட்ரம் அழகன்தான் இப்போது தோட்டத்தில் தினம் விடியற்காலை தப்பு அடித்து, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குச் சனத்தை எழுப்புகிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெருங்கூட்டம், மேடையில் நான் கிட்டாரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறேன், பாவிப்பயல் கைப் பழக்கத்தில் பெரட்டுத் தப்பை அப்படியே ட்ரம்மில் அடித்துவிட்டான்! எந்தத் தோட்டமானாலும் அந்த அடி ஒன்றுதானே? முன்வரிசைப் பொம்பளைகள் திடுக்கென்று எழுந்து கொழுந்து எடுக்கப் போகையில் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தேடுகிறார்கள், ராசம்மா மடியில் இருந்த பிள்ளையை அடுத்தவள் மடியில் தள்ளிவிட்டுக் கூடைக்கு ஓடுகிறாள், பாட்டுக் கேட்க வந்த கங்காணி நாற்காலி மேல் ஏறி நின்று, "வெரசா போங்க, வெரசா! பேரு கெடைக்காது, இன்னைக்குச் சம்பளம் போயிரும்!" என்று கத்துகிறார். பாதிச் சனம் லயம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பி வந்தது. வந்ததும் எங்களை ஏசின ஏச்சை றோசலின் படிக்கிற கடிதத்தில் எழுத முடியாது.

தலவாக்கலையில் ஒருவரும் ஓடவில்லை. ஆனால் பூரணி டீச்சர் கூட்டத்தில் எழுந்து, "எங்க உங்க பழைய பாட்டுக்காரர்? அவரு வரலியா?" என்று கேட்டார். அடுத்த மாசம் வாறார் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள் மச்சான், அப்படித் தட்டினார்கள். அதற்குப் பிறகு நாலு பாட்டுக்குத் தப்புத் தப்பாகக் கிட்டார் வாசித்தேன்.

இப்போது பதினொரு பாட்டு பதிந்தாகிவிட்டது. பன்னிரண்டாவது உன் பாட்டு. இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஜன்னலிலிருந்து நீ பாடிக்கொண்டே போன அந்தப் பாட்டு. எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை, எனக்கு முதல் வரிக்கு மேல் வரவில்லை. சூசைரட்ணம், "நான் பாடட்டுங்களா?" என்றார், எரிந்து விழுந்துவிட்டேன், பாவம். கேசட்டின் கடைசியில் நாலு நிமிஷம் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம். விசாவோ கிசாவோ எதையாவது எடுத்து, ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறு. ஒரு வாரம் போதும். உன்னைப் பார்க்காமல் எனக்கு முடியவில்லையடா. நீ எந்த ரயிலில் வந்தாலும் நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

தங்கைக்கு அண்ணனின் ஆசீர், பிள்ளைகளுக்கு இசபெல் மாமியின் முத்தம், உனக்கு மாதா நல்ல தொண்டையைத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் டக்ளஸ்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. இன்று காலை தோட்டத்து ஆபீசில் கூப்பிட்டார்கள். உன்னை அனுப்பின மாதிரியே எங்களையும் இந்தியப் பிரஜைகள் என்று இந்தியாவுக்கு அனுப்புகிற பேப்பர் வந்துவிட்டது, அடுத்த மாதம் கப்பல். ஆகவே நீ வரவேண்டாம். வந்தால் ஸ்டேஷனில் நான் இருக்கமாட்டேன். எங்களைக் கோத்தகிரிக்கு அனுப்புவார்களோ, வேறு எங்கே கொண்டுபோய் விடுவார்களோ, கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அழகனுக்கும் முத்துலிங்கத்துக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை, அவர்கள் இங்கேதான். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தா, அழகன் வாசலில் நின்று, "டக்ளஸ் அண்ணே, சிறில் அண்ணன் வாறதுக்குள்ள இன்னொரு தடவ பழகிருவோம், வாங்க" என்று கூப்பிடுகிறான். என்ன சொல்லட்டும், மச்சான்?