காவல் சாவி

தாழ்நாடு என்றொரு நாடு இருந்தது. தாழ்ப்பாளால் வந்த பெயர் என்பார்கள் சிலர். தலை தாழ்த்தியதால் வந்தது என்பது பிற்கால ஆராய்ச்சி. அங்கே எல்லோரும் மடல்களை மறைமொழியில் எழுதினார்கள். எழுதியவரிடமும் பெறுபவரிடமும் உள்ள எண்சாவியால் மட்டுமே மடல் திறக்கும். அந்த வித்தையைப் பல்கலைக்கழகத்தின் மறைமொழித் துறை நான்கு ஆண்டு சொல்லிக்கொடுத்தது.

ஒருநாள் காப்பமைச்சர் பேரருளாளர் முரசறைவித்தார்: "குடிமக்களின் நலன் கருதி, இனி எல்லா மடல்களும் அரண்மனைச் சாவிக்கும் திறந்தாக வேண்டும். நல்லவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?"

மக்கள் அதைக் கள்ளச்சாவி என்றார்கள். அப்படிச் சொன்னால் ஆறு மாதம் சிறை என்று அடுத்த ஆணை வந்தது. பெயர் காவல் சாவி ஆயிற்று. பாடநூலில் பழைய பாடத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டது. ஒட்டிய பேராசிரியர்களுக்குப் பொன்னாடை.

மூன்றே மாதத்தில் திருடர்களிடமும் காவல் சாவி இருந்தது. எப்படி என்று கேட்டவர்களைக் காவலர் பிடித்தார்கள், திருடர்களைப் பிடிக்கவில்லை. இளவேனி என்ற இறுதியாண்டு மாணவியின் அக்காள், கரு கலைந்த வேதனையை மருத்துவச்சிக்கு எழுதியிருந்தாள். அந்த மடலைத் திருடர்கள் திறந்து, சந்தையில் கூவிக் கூவிப் படித்தார்கள். அக்காள் அதன்பின் வாசற்படி தாண்டவில்லை.

இறுதித் தேர்வு வந்தது. முதல் கேள்வி, இரண்டு மதிப்பெண்: பூட்டு என்றால் என்ன? இளவேனி எழுதினாள்: "அடுத்தவனிடம் சாவி இருந்தால் அது பூட்டே அல்ல."

கடைசிக் கேள்வி, இருபது மதிப்பெண்: காவல் சாவியை எவராலும் கண்டறிய இயலாது என நிறுவுக. அவள் நிறுவவில்லை. சாவியையே எழுதிவிட்டாள். எட்டு இலக்கங்கள்; மன்னரின் பிறந்தநாள்.

அவளை மன்றத்தில் நிறுத்தினார்கள்.

"அரச ரகசியம் உனக்கு எவ்வாறு கிடைத்தது?" என்றார் அமைச்சர்.

"ஊர்ச் சுவரு பூரா நீங்கதானய்யா ஒட்டி வச்சிருக்கீங்க, பிறந்தநாள் வாழ்த்துன்னு."

அமைச்சர் கண்மூடி யோசித்தார். "எனில், மன்னரின் பிறந்தநாளை அறிந்திருப்பதே குற்றம்."

அன்று முதல் மன்னர் எந்த நாளிலும் பிறக்காதவர் ஆனார். சுவரொட்டிகளில் தேதி மேல் தார் பூசினார்கள். சாவியை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால், முன்பு வைத்தது தவறு என்றாகிவிடுமாம்.

"எங்கக்கா மடலைப் படிச்சவனைப் புடிச்சீங்களா?"

"அது வேறு துறை."

பட்டம் பறிபோயிற்று. ஏழாண்டுச் சிறை.

சிறைக் காவலாளி கதவைச் சாத்தி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அண்ணே, இதுக்கு அரண்மனையில இன்னொரு சாவி இருக்கா?" என்று கேட்டாள் இளவேனி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெப்படிம்மா? அமைச்சரே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு அமைச்சரே உத்தரவு போட்டிருக்காரு. அடுத்தவன்கிட்ட சாவி இருந்தா அதுக்குப் பேரு பூட்டா?"

தேர்வில் அவள் எழுதியதும் அதேதான். அதற்குப் பூஜ்யம் போட்டிருந்தார்கள்.