ஜாவாவில் பாடத் தெரியாத அக்கா

எர்ணாவூர்,
புதன்கிழமை மாலை.

அன்பும் மதிப்பும் மிக்க நைனாவுக்கு,

உங்கள் சின்ன மகள் சங்கமித்ரா வணங்கி எழுதுவது. இங்கே அம்மா, யசோதரா அக்கா, நான் மூவரும் நலம். ஓமானில் நீங்களும் உங்கள் கிரேனும் நலமா? ராயபுரம் ஹுமாயூன் மாமா விடுமுறை முடிந்து நாளை உங்கள் துறைமுகத்துக்கே திரும்புகிறார். அம்மா கொடுத்தனுப்பும் கருவாட்டுத் தொக்கோடு இந்தக் கடிதமும் வரும். எண்ணெய் கசிந்து சில வரிகள் படிக்க முடியாமல் போனால் அந்த இடத்தில் ‘உங்களைத் தேடுகிறோம்’ என்று போட்டுப் படித்துக்கொள்ளவும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். போனில் அம்மா, “எல்லாம் ஷோக்கா கீது, நீ ஒடம்ப பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, போன் என் கைக்கு வருவதற்குள் வைத்துவிடுகிறாள். எல்லாம் ஷோக்காக இல்லை. பெரியவளுக்கு வேலை கிடைத்த மறுநாளே டிக்கெட் போட்டுவிடுவேன் என்று நீங்கள் சொன்னதிலிருந்து, அக்காவுக்கு வேலை கிடைப்பதும் நீங்கள் வீட்டுக்கு வருவதும் எனக்கு ஒரே செய்தி ஆகிவிட்டன. அதனால் அவளுடைய ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் அவளைவிட நான்தான் அதிகம் பயப்படுகிறேன்.

எல்லா இன்டர்வியூவிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். இதற்குச் செல்ஃப் இன்ட்ரோ என்று பெயர். பல் தேய்க்கும்போதும், தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு நிற்கும்போதும் அக்கா ஆங்கிலத்தில் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்கிறாள். நான் யசோதரா, யாரிடமும் போகாமல் தானாக ஓவியம் கற்றவள், கம்ப்யூட்டர் புரோகிராமர், வேலை தேடுகிறேன். நம் பிளாக்கில் அவளைத் தெரியாதவர் யாரும் இல்லை, இருந்தும் தினமும் அறிமுகம் நடக்கிறது. கீழ்வீட்டு மலிகா அத்தைக்கே அது மனப்பாடம். அக்கா நடுவில் மறந்தால் அவர் படிக்கட்டிலிருந்து அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் அறிமுகம் ஆகிற அளவுக்கு வேலை ஆகவில்லை. “படம் வரைவேன்னு சொன்னா, அது ஹாபிமா, வேலைய பத்தி பேசுன்றாங்கோ. சொல்லாம வுட்டா, உன்ன பத்தி வேற ஒண்ணுமே இல்லியான்றாங்கோ. நான் இன்னாதான் சொல்றது?” என்று ஒருநாள் அக்கா என்னிடம் கேட்டாள். என் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். பத்தாம் வகுப்புப் பாடத்தில் அது இல்லை.

நீங்கள் போன பிறகு அவள் வரைந்ததை நீங்கள் பார்த்ததில்லை. நம் ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் கழிவுக் குழாய்தானே தெரியும். அதனால் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க, கப்பலுக்கு அடித்து மிச்சமான பெயின்ட் வாங்கிவந்து, ஒரு துறைமுகம் வரைந்திருக்கிறாள். பெரிய மஞ்சள் கிரேன். அதன் கண்ணாடிக் கூண்டுக்குள் விரல் அளவில் ஒரு ஆள். அது நீங்கள்தான். சட்டைக்கு எந்த நிறம் என்று அக்காவும் நானும் சண்டை போட்டோம். அம்மா வந்து, “நீலம்டி, காலர்ல தையல் வுட்டுருக்கும்” என்று தீர்ப்புச் சொன்னாள். விரல் அளவு ஆளுக்குக் காலர் தையல் தெரியாது என்றாலும் அக்கா அதையும் வரைந்தாள்.

போன வாரம் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. வெளியே சொன்னால்தானே வேலை வரும், பிளாக் வாட்ஸ்அப் குழுவில் போடு என்றாள். நான் நல்ல தமிழில், ‘தன்முயற்சியால் தேர்ந்த ஓவியர், கணினி நிரலாளர், பணி நாடுகிறார்’ என்று எழுதினேன். அம்மா படித்துவிட்டு, “இது இன்னாடி, கல்வெட்டா? புரியற மாதிரி எழுது” என்றாள். சரி என்று, ‘எங்கள் மகள் யசோதரா, தானாகவே கற்றுக்கொண்ட ஆர்ட்டிஸ்ட், புரோகிராமர், நல்ல வாய்ப்பு இருந்தால் அழைக்கவும்’ என்று மாற்றினேன். எல்லாருக்கும் புரிந்தது. அதுதான் பிரச்சினை. அந்தச் செய்தி குழு குழுவாகத் தாவி, காலடிப்பேட்டையில் இன்னிசைக் கச்சேரிக் குழு நடத்தும் தண்டபாணி என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. நம் பக்கத்தில் புரோகிராம் என்றால் திருவிழா மேடைக் கச்சேரி, ஆர்ட்டிஸ்ட் என்றால் அதில் பாடுகிறவர் என்பது அகராதி பார்க்கிற எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அக்காவுக்குப் போன் செய்த அவரோ தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நேராகக் கேள்விக்கே வந்துவிட்டார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டதால் நான் முழுவதையும் கேட்டேன்.

“நீதானம்மா புரோகிராம் பண்றது?”

“ஆமா சார்.”

“தனியாவா, குரூப்பாவா?”

“ரெண்டும் சார். காலேஜ்ல நாலு பேர் டீமா பண்ணோம்.”

“லைவ்ல பண்ணிகீறியா?”

“ஒண்ணு லைவ்ல கீது சார். நெட்ல அடிச்சா வரும்.”

“அடி சக்க! இன்னா லாங்குவேஜு?”

“ஜாவா, பைத்தான் சார்.”

அவர் பக்கத்தில் யாரிடமோ, “ஜாவாவாம்பா” என்றது கேட்டது. பிறகு, “ஏம்மா, தமிழ் வராதா?” என்றார்.

அக்கா இதையும் இன்டர்வியூ கேள்வி என்று நினைத்து, “தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் நல்லா பேசுவேன் சார்” என்றாள். “அப்ப போதும். சனிக்கெயம நேர்ல வந்து டெஸ்ட் பண்ணிட்டு அட்வான்ஸ் குட்த்துட்றேன்” என்று அவர் வைத்துவிட்டார். அம்மா அரை மணி நேரத்தில் நாலு மாடிக்கும் சொல்லி முடித்தாள். அக்கா போய்த் தலைக்குக் குளித்தாள். நான் பரணிலிருந்து உங்கள் சட்டைகளை இறக்கி மொட்டை மாடியில் வெயிலில் போட்டேன். நீங்கள் வந்தால் உடனே போட்டுக்கொள்ள வேண்டுமே.

சனிக்கிழமை காலையிலேயே வேறொரு நிஜமான கம்பெனி வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டது. அரிசி டிரம் மேல் லேப்டாப்பை வைத்து, பின்னால் குழம்புக் கறை தெரியாத ஒரே சுவர் என்பதால் துறைமுகச் சுவருக்கு முன் அக்கா உட்கார்ந்தாள். சத்தம் வராமல் காவல் காப்பது என் பொறுப்பு. கன்டெய்னர் லாரிகளை நான் ஒன்றும் செய்ய முடியாது. மிக்சி போட வேண்டாம் என்று மலிகா அத்தையிடம் மட்டும் சொல்லிவைத்தேன். அப்போதுதான் தண்டபாணியும், கீபோர்டைத் தோளில் மாட்டிய ஒருவரும், டிரம் தூக்கிய ஒருவரும் படியேறி வந்தார்கள். கீபோர்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “அண்ணே, உள்ள இன்டர்வியூ நடக்குது” என்றேன். “நாங்கதாம்மா இன்டர்வியூ” என்றார் அவர். அதே நேரம் உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது: ஐ ஆம் எ செல்ஃப் டாட் ஆர்ட்டிஸ்ட் அண்ட் புரோகிராமர். “கரெக்ட் வூடுதான்பா!” என்று அவர் உள்ளே போய்விட்டார். நைனா, டிரம்காரர் நம் கட்டிலில் உட்கார்ந்து ஒரு தட்டு தட்டியும் பார்த்துவிட்டார். தண்டபாணி லேப்டாப்புக்குள் குனிந்து, “நீங்கோ எந்த செட்டுப்பா? நாங்க மின்னாடியே புக் பண்ட்டோம்” என்றார்.

திரையில் இருந்த மூன்று பேரில் ஒரு அம்மாவுக்குத் தமிழ் தெரியும்போல; முதலில் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு தமிழிலேயே, “உங்களுக்குப் பின்னால் இருப்பது யார் வரைந்தது?” என்று கேட்டார். அக்கா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மனப்பாடம் செய்தது எல்லாம் எங்கோ போய்விட்டது. “நான்தான் மேடம். அது எங்க நைனா. ஓமான்ல கிரேன் ஓட்றாரு. மூஞ்சி மறந்துடக் கூடாதுன்னு வரஞ்சேன். கிரேன் எந்தப் பக்கம் திரும்பினா எவ்ளோ பாரம் தாங்கும்னு ஒரு புரோகிராமும் எழுதினேன். வரைறதும் அதுவும் எனக்கு வேற வேறயா தெரில மேடம்” என்றாள். அவ்வளவுதான். முடிவைப் பிறகு சொல்கிறோம் என்று அவர்கள் போய்விட்டார்கள். இதுவரை எல்லாரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தண்டபாணிக்கு ஒரே வருத்தம். “பாட வராதா? அப்பறம் எதுக்கும்மா ஆர்ட்டிஸ்ட்னு போட்டீங்கோ? சொம்மா பேஜாரு பண்ணிகினு” என்றார். அம்மா விடவில்லை. “வரையறதும் ஆர்ட்டுதான்யா. குந்து, கேசரி துன்னுட்டுப் போ” என்றாள். மூவரும் தின்றார்கள். போகும்போது அவர் மேடைக்குப் பின்னால் கட்டுகிற திரைக்குப் படம் வரைந்து தரச் சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே சரி என்றாள். சிரித்துக்கொண்டே சமையல் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாயில் தண்ணீர் வராததால் எங்களுக்குக் கேட்டுவிட்டது.

ஆகவே நைனா, வேலை கிடைக்கவில்லை. சட்டைகளை மடித்து மறுபடியும் பரணில் வைத்துவிட்டேன். உங்களிடம் ஒன்று கேட்கலாமா? வேலை கிடைத்தால்தான் வருவேன் என்ற அந்தச் சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா? அக்கா தோற்றுப்போய் வருகிற ஒவ்வொரு முறையும், உங்களைத் தடுப்பது தான்தான் என்று நினைக்கிறாள். வாயால் சொல்லமாட்டாள். வேலை அது பாட்டுக்கு வரட்டும், நீங்கள் உங்கள் பாட்டுக்கு வாருங்கள்.

அம்மாவின் அன்பும், அக்காவின் அன்பும், மலிகா அத்தையின் சலாமும், உங்கள் உடம்பைப் பற்றிய எங்கள் கவலையும் இத்துடன். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளவும்.

உங்கள் அன்பு மகள்,
சங்கமித்ரா

பின்குறிப்பு: நைனா, மேலே கேட்டது எதுவும் இனி வேண்டாம். உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன், அதற்குள் அந்தச் சனிக்கிழமை வீடியோக் கம்பெனியிலிருந்து அக்காவின் போனுக்கு மெயில் வந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது. படமும் வரைந்து புரோகிராமும் எழுதுகிற வேலையாம். நான் கத்திய கத்தலில் மலிகா அத்தை ஓடிவந்தார். பிறகுதான் கீழ் வரியைப் படித்தோம். வேலை புனேயில். திங்கட்கிழமை சேர வேண்டும். அட்லஸ் எடுத்துப் பார்த்தேன், அங்கே கடலே இல்லை. அம்மா கேசரிக்கு எடுத்த ரவையைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு, “அவ்ளோ தொலைவாடி?” என்று கேட்டாள். வேலை கிடைத்தால் நாலு பேரும் ஒரே வீட்டில் இருப்போம் என்றுதானே நான் இத்தனை நாளும் நினைத்தேன். நீ உள்ளே வரும்போது அவள் வெளியே போயிருப்பாள் என்று நினைக்கவே இல்லை. நைனா, நீ திங்கட்கிழமைக்குள் வா. எப்படியாவது வா. ஒரே ஒரு வேளைச் சோறு நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அப்புறம் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். “இன்னும் இன்னா எழுதிகினு கீற, படு” என்கிறாள் அம்மா. மூன்று பேரும் ஒரே பாயில்தான் இருக்கிறோம், யாருக்கும் தூக்கம் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள்.