ஏணி நானா

மாத்தளை மாவட்டத்தில் விவசாயக் கூட்டத்துக்கு ஏணி கட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர்தான். அவரோடு ஒரு மணி நேரம் பேசிய எந்த அதிகாரியும் பழைய ஆளாகத் திரும்பியதில்லை. நான் உட்பட.

நான் அப்போதுதான் விவசாயப் போதனாசிரியையாக வந்திருந்தேன். புதிய மிளகுக் கொடியைப் பற்றிப் பேச ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார்; எல்லோரும் அவரை 'சேர்' என்றுதான் அழைத்தார்கள். விளைச்சல் அப்படி, காரம் இப்படி என்று அடுக்கினார். முன்வரிசையில் இருந்த தொப்பிக்காரர், ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுபவர், கை தூக்கினார்.

"எவ்வளவு உசரம் போகும் சேர்?"

"பதினைந்து அடி தாண்டும்!" என்றார் சேர், தன் பிள்ளையைச் சொல்வதுபோல.

நானா எழுந்து வெளியே போனார். முச்சக்கர வண்டியின் கூரையிலிருந்து மூங்கில் ஏணியை அவிழ்த்து, முற்றத்துப் பலாமரத்தில் சாய்த்தார்.

"கொஞ்சம் ஏறிக் காட்டுங்க சேர்."

சேருக்கு ரோஷம். சப்பாத்தோடு ஏறினார். ஆறாவது படியில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முசுறு எறும்பு கழுத்துக்குள் இறங்கியது.

"இறங்கட்டுமா?"

"ஒரு மிளகும் பறிக்கலயே சேர்!"

கூட்டமே சிரித்தது. நானா மட்டும் சிரிக்கவில்லை. ஏணியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பயப்படாதீங்க, நான் புடிச்சிருக்கேன். போன போகம் எங்க வீட்டுக்காரி ஏறினா. நான் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தேன். மகன்மார் ரெண்டு பேரும் சீகிரியாவுல ஹோட்டல் வேல. புடிக்க ஆளில்ல. விழுந்து கை முறிஞ்சிருச்சி."

இறங்கிய சேர் எறும்பைத் தட்டக்கூட மறந்து கேட்டார்: "உங்களுக்கு என்ன மாதிரிக் கொடி வேணும்?"

"விளைச்சல் குறைஞ்சாலும் பரவால்ல. அவ தரையில நின்னு பறிக்கணும்."

அடுத்த மாதமே சேர் நானாவின் தோட்டத்துக்கு வந்தார். மிளகுக் கொடியின் பக்கக் கிளையை நட்டால், அது மேலே ஏறாமல் செடியாகவே நிற்கும். அப்படி முப்பது கன்றுகளை நானாவின் நிலத்திலேயே வைத்துப் பரிசோதித்தோம். அதன் பிறகு எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை. சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு நானாவின் அழைப்பு வரும்.

"மிஸ், உங்க பிள்ளைகள்ல ரெண்டு மௌத்தாகிருச்சி. எப்ப வாறீங்க?"

ஓடுவேன். செத்துப்போன கன்றுகளின் வேரில் தண்ணீர் தேங்கியிருக்கும். வாய்க்கால் வெட்டச் சொன்னால், "ஏன்? எவ்வளவு ஆழம்? நீங்க வெட்டியிருக்கீங்களா?" என்பார். ஒருநாள் நானே மண்வெட்டி பிடித்தேன்.

இந்தப் போகம் அவர் மனைவி இடுப்புயரச் செடியில், சரியாக மடங்காத அந்தக் கையாலேயே மிளகு பறித்தார். நானா பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று தொணதொணத்தார்.

"விழுறதுக்கு இடமே இல்ல, நீங்க சும்மா இருங்க" என்றார் அவர்.

இப்போதும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் அழைப்பு நானாவுக்குத்தான். அவரால் வர முடியாது என்றால், ஏதாவது காரணம் சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிடுகிறேன்.